விக்கிப்பீடியாவை அச்சடித்து விற்கும் புத்தகங்கள்: வாங்கலாமா, நாமே போடலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: ஆன்லைன் கடையில் ஓர் அரிய தலைப்பில் ஆங்கிலப் புத்தகம் கிடக்கிறது. நூறு பக்கம்கூட இல்லை, விலையோ மூவாயிரத்துக்கு மேல். அட்டையில் தொகுப்பாசிரியர்கள் என்று மூன்று பெயர்கள். "இது வெறும் விக்கிப்பீடியா காப்பி" என்று விமர்சனத்தில் ஒருவர் திட்டியிருக்கிறார். இப்படி விற்பது சட்டப்படி சரியா? வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பள்ளி நூலகத்துக்காகத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தொகுத்து நாமே அச்சடிக்கலாமா?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: சரிதான். விக்கிப்பீடியாவின் உரைப்பகுதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (சில நிபந்தனைகளோடு யாரும் எடுத்தாளலாம் என்ற பொது உரிமம்) இருக்கிறது. 2009 ஜூன் வரை குனு கட்டற்ற ஆவண உரிமம், அதன்பின் கிரியேட்டிவ் காமன்ஸின் பை-எஸ்.ஏ. 3.0, 2023 ஜூன் முதல் அதன் 4.0 பதிப்பு. மூன்றுமே காசுக்கு விற்பதை அனுமதிக்கின்றன. எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும், உரிமத்தைச் சொல்ல வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். இந்த நாலையும் செய்துவிட்டு விலை ஐம்பதோ ஐயாயிரமோ வைக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆகவே "திருட்டு" என்று திட்டுவது குறி தவறிய திட்டு. தொகுப்பு நூல் என்று பெயர் வைத்துவிட்டுத் தொகுக்கும் வேலையைச் செய்யாமல், செய்ததற்கான விலையை மட்டும் வாங்குகிறார்கள் என்பதுதான் உண்மையான புகார்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அடையாளம் காண்பது சுலபம். ஜெர்மனியில் 2002-இல் தொடங்கிய வி.டி.எம். என்ற பதிப்பகக் குழுமம் ஆல்ஃபாஸ்கிரிப்ட், பீட்டாஸ்கிரிப்ட், ஃபாஸ்ட்புக் என்ற பெயர்களில், மொரீஷியஸ் முகவரி போட்டு, பல்லாயிரம் தலைப்புகளை இப்படி இறக்கியது. அமெரிக்காவில் புக்ஸ் எல்.எல்.சி., ஹெஃபஸ்டஸ் புக்ஸ் போன்றவை இதே வேலையைச் செய்தன. பல்லாயிரம் தலைப்பு என்றதும் பெரிய குடோனைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு பிரதிகூட முன்கூட்டி அச்சாகாது. ஐ.எஸ்.பி.என். எண் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்), அட்டைப்படம், பி.டி.எஃப். கோப்பு, கடையில் ஒரு பதிவு, அவ்வளவுதான். நீங்கள் காசு கட்டிய பிறகே உங்கள் பிரதி அச்சுக்குப் போகும். தலைப்புக்கு ஆகும் செலவு ஏறக்குறைய சுழியம் என்பதால் வருஷத்துக்கு ஒரே ஒருவர் ஏமாந்தாலும் லாபம். அதனால்தான் தலைப்புகள் எப்போதும் யாரும் புத்தகம் எழுதாத மூலைகளாக இருக்கும்: ஒரு சிற்றூர் ரயில் நிலையம், ஒரு பூச்சிக் குடும்பம், மறந்துபோன ஒரு மொழி. தேடுகிறவருக்கு வேறு வழியில்லை என்பதே அவர்கள் முதலீடு.

கடைப் பக்கத்திலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. தலைப்பில் முக்கால்புள்ளி போட்டு, அதன்பின் ஏழெட்டுப் பெயர்ச்சொற்களைக் காற்புள்ளியால் கோத்திருந்தால் அது பெரும்பாலும் கட்டுரைகளின் பெயர்ப்பட்டியல்தான். தொகுப்பாசிரியர் பெயரைத் தட்டிப் பாருங்கள். அதே மூவர் கால்பந்து, கனிமவியல், கிரேக்கத் தொன்மம் என்று ஆயிரக்கணக்கில் தொகுத்திருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. அட்டைப்படம் பொதுப் படக்கிடங்கிலிருந்து வந்தது, உள்ளடக்கத்தோடு ஒட்டாது. புத்தக அறிமுகத்தின் முதல் இரண்டு வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். நேரே கலைக்களஞ்சியக் கட்டுரையின் தொடக்கம் வந்து நிற்கும். வி.டி.எம். குழும நூல்களில், உள்ளடக்கம் முதன்மையாக விக்கிப்பீடியாவிலிருந்தோ பிற இலவச இணையத் தளங்களிலிருந்தோ எடுத்தது என்ற வரியே அறிமுகத்தில் இருக்கும். மறைக்கவில்லை. நாம்தான் அதுவரை படிப்பதில்லை. நூலகங்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது: கொள்முதல் பட்டியல் வெறும் தலைப்பு, விலை, ஐ.எஸ்.பி.என். மட்டும் வைத்து வரும்போது இந்த வரி அங்கே ஏறாது.

இயந்திரத்தனமாகத் தொகுத்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். "குறிஞ்சி" என்ற சொல்லைக் கொடுத்துத் தொடர்புள்ள கட்டுரைகளை எடுக்கச் சொன்னால் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் செடி வரும், ஐந்திணையில் ஒன்று வரும், பண் ஒன்றும் வரும். "வேங்கை" என்றால் மரமும் புலியும். மனிதத் தொகுப்பாளர் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடுவார். கணினி நிரல் பிரிக்காது, விக்கிப்பீடியாவின் பகுப்பில் (ஒரே வகைக் கட்டுரைகளின் பட்டியல்) இருப்பதையும் இணைப்பில் இருப்பதையும் அப்படியே அள்ளிக் கொட்டும். பக்கத்தைத் திருப்பினால் இன்னும் தெரியும். "வலப்புறப் படத்தைப் பார்க்க" என்று உரை சொல்லும், வலப்புறம் வெறும் ஓரம்தான் இருக்கும். சதுர அடைப்புக்குள் அடிக்குறிப்பு எண்கள் வரிசையாக நிற்கும், அடிக்குறிப்புகள் வந்திருக்காது. "மேற்கோள் தேவை" என்று யாரோ ஓர் ஆசிரியர் போட்ட எச்சரிக்கை நூலின் வாக்கியத்துக்கு நடுவே அச்சாகியிருக்கும். பத்து நெடுவரிசை கொண்ட அட்டவணை ஒரே நெடுவரிசையாகச் சரிந்து, எந்த எண் எதற்கு என்று தெரியாமல் மூன்று பக்கம் ஓடும்.

இதைவிட மோசமானது பிழை உறைந்துபோவது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007 ஜூலையில் "பிச்சோலிம் போர்" என்று ஒரு கட்டுரை ஏறியது. 1640–41-இல் கோவாவின் போர்ச்சுக்கீசியருக்கும் மராட்டியருக்கும் நடந்த போராம். அடிக்குறிப்புகளோடு நீளமாக, நேர்த்தியாக இருந்ததால் அதே ஆண்டில் "நல்ல கட்டுரை" என்ற தகுதிகூடக் கிடைத்தது. அப்படியொரு போரே நடக்கவில்லை, மேற்கோள் காட்டிய நூல்களும் இல்லை என்று கண்டுபிடித்து 2012 டிசம்பரில்தான் நீக்கினார்கள். தளத்தில் நீக்குவது ஒரு சொடுக்கு. இடைப்பட்ட ஐந்தாண்டில் அதை அச்சிட்ட புத்தகம் ஒன்று இருந்தால் அதன் பக்கத்தை யார் கிழிப்பது? அப்புறம் சுழற்சி தொடங்கும்: பிழையைப் புத்தகம் அச்சிடும், அந்தப் புத்தகத்தை வேறொருவர் ஆதாரமாகக் காட்டி விக்கிப்பீடியாவில் அதே பிழையை மறுபடி ஏற்றுவார், இப்போது அதற்கு "அச்சு நூல் ஆதாரம்" இருக்கும். இந்தவகைத் தொகுப்புகளை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று விக்கிப்பீடியா விதி வைத்திருப்பது இதனால்தான். ஆய்வேட்டில் நீங்களும் காட்டாதீர்கள். கட்டுரையின் அடியில் உள்ள மூல நூலைப் போய்ப் பாருங்கள்.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் பெர்ட்டல்ஸ்மன் குழுமம் 2008-இல் ஜெர்மன் விக்கிப்பீடியாவிலிருந்து ஒரே தொகுதிக் கலைக்களஞ்சியம் போட்டது: 992 பக்கம், 50,000 தலைச்சொற்கள், 19.95 யூரோ. மக்கள் அதிகம் தேடிய தலைப்புகளை எடுத்து, பதிப்பக ஆசிரியர்கள் சில வரிகளாகச் சுருக்கினார்கள். பிரதிக்கு ஒரு யூரோ, விக்கிப்பீடியாவை ஆதரிக்கும் விக்கிமீடியா ஜெர்மனி அமைப்புக்குப் போனது. மைன்ஸ் நகரத்துப் பீடியாபிரஸ் வேறு வழி எடுத்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையோடு 2007-இல் உடன்பாடு செய்துகொண்டு, வாசகரே கட்டுரைகளைத் தேர்ந்து அடுக்கி ஒரு பிரதி வரவழைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. வாங்குகிறவருக்கு உள்ளே என்ன என்று தெரியும், அவர்தானே அடுக்கினார். விக்கிப்பீடியாவிலிருந்தே பல கட்டுரைகளைச் சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக்கும் பழைய வசதி 2017-இல் நின்றுபோனது. இப்போது தளத்தில் கட்டுரை கட்டுரையாகத்தான் இறக்க முடியும்.

இனி உங்கள் பள்ளி நூலகத் தொகுப்பு. தாராளமாகப் போடலாம். எங்கே சறுக்கும் என்பதைச் சொல்கிறேன்.

அளவிலிருந்து தொடங்குவோம். டெம்மி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில் தமிழ் உரை பக்கத்துக்கு ஏறக்குறைய 220 சொல் பிடிக்கும். 1,500 சொல் கொண்ட 20 கட்டுரை என்றால் 30,000 சொல், அதாவது ஏறக்குறைய 136 பக்கம். படங்கள், முன்பகுதி, சொல்லடைவு சேர்த்தால் 160. பதினாறு பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கங்கள்) பத்து, கணக்கு நேராக முடிகிறது. முதல் முயற்சிக்கு இதற்கு மேல் போக வேண்டாம், ஏனென்றால் சரிபார்க்கும் நேரம் பக்கத்தோடு சேர்ந்து ஏறும்.

தேர்வில் ஒரு எச்சரிக்கை. நீளமான கட்டுரை எல்லாம் நல்ல கட்டுரை இல்லை. 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டத்தில் ஆங்கிலத்திலிருந்து வந்து சேர்ந்த கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் கணிசம். நீளம் இருக்கும், வாக்கியம் பல்லை உடைக்கும். முதல் பத்தியைச் சத்தமாகப் படித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கட்டுரையின் உரையாடல் பக்கத்தையும் வரலாற்றுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். ஒரே வாக்கியத்தை இருவர் மாறி மாறி நீக்கிச் சேர்த்திருந்தால் அந்த இடத்தில் சர்ச்சை இருக்கிறது என்று பொருள், அந்த வாக்கியத்தை மூல நூலோடு ஒப்பிடாமல் எடுக்காதீர்கள். எடுக்க முடிவுசெய்த அன்றே அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் நிலையான முகவரியை, அதிலுள்ள பதிப்பு எண்ணோடு குறித்து வையுங்கள். கட்டுரை நாளைக்கே மாறலாம், நீங்கள் அச்சிட்டது எது என்று காட்ட அந்த எண் ஒன்றுதான் சான்று.

உரையை எடுக்கும்போது பி.டி.எஃப்.-ஐ இறக்கி அதிலிருந்து காப்பி அடிக்காதீர்கள். தமிழில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி, "கொடி" என்பது உடைந்து வந்து சேரும். வலைப்பக்கத்திலிருந்தோ, கட்டுரையைத் திருத்தும் தொகுப்புப் பெட்டியின் மூல உரையிலிருந்தோ எடுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்வதென்றால் பத்தி அமைப்பில் "வேர்ல்டு-ரெடி" கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டால் கெ, கை, கொ எல்லாம் சிதறும். டி.டி.பி. கடையில் "எங்களிடம் பழைய ஃபான்ட்தான், கன்வர்ட் பண்ணிக்கலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யூனிகோடிலிருந்து பழைய குறியாக்கத்துக்கு மாற்றும்போது நடுவில் வரும் ஆங்கில எழுத்துகளும் வேதியியல் வாய்பாடுகளும் தமிழ்க் குப்பையாக மாறும், புரூஃபில் அது கண்ணில் படாமலும் போகும். லிப்ரெஆஃபீஸ் இலவசம், இந்த அளவு நூலுக்கு அதுவே போதும்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கே உரிய ஒரு சிக்கல் சொல்வழக்கு. இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டவரும் சேர்ந்து எழுதிய களஞ்சியம் அது. ஒரு கட்டுரையில் இலத்திரன், அடுத்ததில் எதிர்மின்னி, மூன்றாவதில் எலக்ட்ரான். ஒட்சிசனும் ஆக்சிசனும் ஆக்சிஜனும் ஒரே நூலில் வந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை மூன்று வாயு என்று நினைத்துக்கொள்ளும். எந்த வழக்கும் தப்பில்லை. உங்கள் வாசகர் படிக்கும் பாடநூலில் உள்ளதை உரையில் வைத்து, மற்றவற்றைப் பின்னிணைப்பில் சொல்லடைவாகக் கொடுங்கள். இந்தச் சீராக்கலுக்குத்தான் தொகுப்பாசிரியர் என்ற பெயரை அட்டையில் போட்டுக்கொள்ள உரிமை வருகிறது என்பேன். அப்படியே "தற்போது", "அண்மையில்", "இன்றைய அமைச்சர்" ஆகியவற்றைத் தேடிப் பிடித்து ஆண்டாக மாற்றுங்கள். தகவல் பெட்டி, வழிகாட்டி வார்ப்புரு (தொடர்புள்ள கட்டுரைகளைப் பட்டியலிடும் பெட்டி), "இவற்றையும் பார்க்க", பகுப்புகள் எல்லாம் போக வேண்டியவை. அடிக்குறிப்புகளைத் தூக்காதீர்கள், கட்டுரை முடிவில் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

படங்களில்தான் அதிகம் பேர் மாட்டுவது. உரைக்கு இருக்கும் உரிமம் படத்துக்கும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனி உரிமம். படத்தைச் சொடுக்கி அதன் விளக்கப் பக்கத்துக்குப் போங்கள். "நியாயப் பயன்பாடு" என்று இருந்தால் (திரைப்படச் சுவரொட்டி, நூல் அட்டை, நிறுவனச் சின்னம் பெரும்பாலும் இப்படித்தான்) தொடாதீர்கள். பொதுவகத்தில் (விக்கிமீடியாவின் பொதுப் படத்தொகுப்பு) கட்டற்ற உரிமத்தில் இருந்தால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறித்துக்கொண்டு, மூல அளவுக் கோப்பை இறக்குங்கள். கட்டுரைப் பக்கத்தில் தெரியும் சிறுபடம் 250 பிக்சல் அகலம்தான். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பதால் அது ஓர் அங்குலம்கூட வராது. நாலு அங்குல அகலத்துக்கு 1,200 பிக்சல் தேவை. கறுப்பு-வெள்ளை அச்சு என்றால் "சிவப்பில் காட்டப்பட்ட மாவட்டங்கள்" போன்ற படவிளக்கங்களை மாற்றி எழுதுங்கள். இந்திய வரைபடம் வந்தால் இன்னும் கவனம் தேவை. பொதுவகத்து வரைபடங்கள் பலவற்றில் காஷ்மீர் எல்லை புள்ளிக்கோடாக இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு பொருந்தாத இந்திய வரைபடத்தை இங்கே வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். அந்தத் துறை வெளியிடும் வரைபடத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர்களைக் குறிப்பிடுவது எப்படி? ஒரு கட்டுரைக்கு ஐம்பது பேர் கைவைத்திருப்பார்கள், எல்லார் பெயரும் போட வேண்டுமா? 2015-இல் மைக்கேல் மேண்டிபர்க் என்ற கலைஞர் ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் அச்சு வடிவத்தில் அடுக்கிக் காட்டியபோது மொத்தம் 7,473 தொகுதி வந்தது. அதைத் தவிரப் பங்களிப்பாளர் பெயர்ப்பட்டியலுக்கு மட்டும் 36 தொகுதி. (நியூயார்க் காட்சிக்கூடத்தில் அவர் உண்மையில் அச்சிட்டு வைத்தது 106 தொகுதிதான்.) இந்தத் தொல்லை இல்லாமலிருக்க, கட்டுரையின் முகவரியைக் கொடுத்தாலே போதும் என்று விக்கிப்பீடியாவின் பயன்பாட்டு விதிகள் ஏற்கின்றன. அங்கே போனால் வரலாற்றுப் பக்கத்தில் எல்லாப் பெயரும் இருக்கும். அச்சில் இதற்கொரு தொந்தரவு உண்டு. தமிழ்த் தலைப்புள்ள முகவரியைக் காப்பி செய்தால் ஒவ்வொரு குறியீடும் (எழுத்தும் அதன் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு) சதவீதக் குறியும் எழுத்துமாக ஒன்பது இடம் எடுக்கும். "திருநெல்வேலி" என்ற ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு குறியீடு, ஆக 108 எழுத்து. அச்சில் பார்த்து யாரும் தட்டச்ச முடியாது. பதிப்பு எண்ணை மட்டும் கொண்ட சிறிய முகவரியைப் போடுங்கள், பக்கத்தில் ஒரு க்யூ.ஆர். கட்டம் வைத்தால் இன்னும் நல்லது.

உரிமப் பக்கத்தில் இப்படி எழுதலாம்: "இந்நூலின் கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர்கள் எழுதியவை. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பும், எடுத்தாண்ட பதிப்பின் முகவரியும் நாளும் 153-ஆம் பக்கத்தில் உள்ளன. கட்டுரைகளைச் சுருக்கியும் கலைச்சொற்களைச் சீராக்கியும் மாற்றியிருக்கிறோம். கட்டுரைகளும் எங்கள் மாற்றங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்.ஏ. 4.0 உரிமத்தில் வெளியாகின்றன. படங்களின் உரிமங்கள் 156-ஆம் பக்கத்தில்." உரிமத்தின் இணைய முகவரியும் கீழே வர வேண்டும். அச்சகம் வழக்கமாகப் போடும் "அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே" என்ற வரி இதன் மேல் வரக்கூடாது. பழக்கதோஷத்தில் கடைசி நேரத்தில் அது ஏறிவிடும், புரூஃபில் பாருங்கள். நீங்கள் எழுதிய முன்னுரைக்கு வேண்டுமானால் தனி உரிமை வைத்துக்கொள்ளலாம். விக்கிப்பீடியாவின் பெயரும் புதிர்க்கோளச் சின்னமும் வணிகக் குறிகள், ஆகவே சின்னத்தை அட்டையில் போடாதீர்கள். எங்கிருந்து எடுத்தது என்று சொல்வதற்குப் பெயரை உள்ளே எழுதலாம். ஏதோ ஒன்று விட்டுப்போய் யாராவது சுட்டிக்காட்டினால் பதற வேண்டாம். 4.0 உரிமத்தில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உங்கள் உரிமை தானாகத் திரும்பிவிடும். இருப்பிலுள்ள பிரதிகளில் ஒரு திருத்தத் தாள் ஒட்டிவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். பள்ளிக்குள் மட்டும் என்றால் அவசியமில்லை. வேண்டுமென்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசமாகவே கிடைக்கும், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். வெளியே விற்பதாக இருந்தால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும்.

அச்சுக்கு 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள் போதும். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல்தான் கட்டுபடியாகும், ஐந்நூறைத் தாண்டினால் ஆஃப்செட்டுக்கு விலை கேளுங்கள். மொத்த ஆர்டருக்கு முன் ஒரே ஒரு டம்மிப் பிரதி போட்டு வாங்கி, கட்டுரைகளை எழுதாத, தொகுக்காத ஒருவரிடம் கொடுத்துப் பென்சிலோடு உட்கார வையுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மேலே சொன்னபடி", "கீழுள்ள இணைப்பில்", "இப்படத்தில்" என்று வரும் இடத்திலெல்லாம் அந்த மேலும் கீழும் படமும் புத்தகத்தில் இருக்கிறதா?